ஏழாவது ரவுண்டு வாத்து

2010ஆம் ஆண்டு, பிப்ரவரி முதல் ஞாயிறு. மதியம் ஒன்றே முக்கால் மணி. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. 'லேகா எலக்ட்ரானிக்ஸ்' ஷட்டர் மட்டும் முக்கால்வாசி ஏறியிருந்தது.

உள்ளே சந்திரலேகா ஒரு டிவி ரிமோட்டைத் தன் செல்போன் கேமராவுக்கு எதிரே நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். போன் திரையில் ரிமோட்டின் முனை ஊதா நிறத்தில் மின்னியது. நிமிர்ந்து நேராகப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

"பாத்தியா? நம்ம கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியுது. ரிமோட் நல்லாத்தான் இருக்கு. கோளாறு டிவியிலதான்."

அருகில் நின்ற கொளஞ்சி வாயைப் பிளந்தான். அவன் சந்திரலேகாவின் கணவனுக்குத் தம்பி. முப்பத்து நாலு வயது. சொந்தமாக ஒரு பழைய ஆம்னி வேன் வைத்திருந்தான். சவாரி இல்லாத நேரமெல்லாம் அண்ணியின் கடையில்தான் இருப்பான். திருப்பாதிரிப்புலியூரில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் அண்ணியிடம் வந்து சொல்வார்கள் என்பதில் அண்ணியைவிட அவனுக்குத்தான் பெருமை.

"அண்ணி, இத வச்சி வீட்ல பேய் இருக்குதான்னு பாக்கலாமா?"

"பேய் ரிமோட்ட அமுக்குனா பாக்கலாம்."

அப்போதுதான் ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் வியர்வை.

"சந்திரலேகா அக்கா நீங்கதானே? என் பேரு சுவாதி, வண்டிப்பாளையம். என் சர்டிபிகேட் ஃபைலக் காணோம்க்கா. நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு வெரிஃபிகேஷன். ஒரிஜினல் இல்லாம உள்ளயே விடமாட்டாங்க. ஆறு வருஷமா காத்திருந்து வந்த வேலைக்கா."

சந்திரலேகா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். "உக்காரு. தண்ணி குடி. காலைலேருந்து என்ன நடந்துதோ அத வரிசையா சொல்லு."

சுவாதி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். கணக்கு ஆசிரியை வேலை. அரசுப் பள்ளி. மார்க் ஷீட், பி.எட். பட்டம், சாதிச் சான்றிதழ், எம்ப்ளாய்மெண்ட் அட்டை எல்லாமே ஒரே நீல ஃபைலில் இருந்தன. வழக்கமாக அது பீரோவில்தான் இருக்கும். பீரோ கதவு அடிக்கடி மக்கர் செய்கிறது. விடிகாலையில் திறக்காமல் போனால் என்ன செய்வது என்று பயந்து, இன்று காலை அதை எடுத்து முன் அறையிலிருக்கும் டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பதினொரு மணிக்கு அம்மாவோடு பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனாள். பன்னிரண்டே காலுக்குத் திரும்பியபோது புடவைகள் கலையாமல் இருந்தன. ஃபைல் மட்டும் இல்லை.

"வீட்ல யாரு இருந்தாங்க?"

"அண்ணி மட்டும். ஜோதிலட்சுமி அண்ணி. நான் பெட்டில வைக்கும்போது அவுங்கதான் பாத்தாங்க." சுவாதியின் குரல் இறங்கியது. "போன வாரம் எங்களுக்குள்ள சண்டக்கா. நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டா அத்தைய நான் ஒருத்தியா பாக்கணுமான்னு கேட்டாங்க. இப்ப எங்க அண்ணன் அவுங்களப் போட்டு கத்திக்கிட்டு இருக்காரு. அவுங்க துணிமணிய மூட்ட கட்டிட்டாங்க."

"வேற யாருக்கும் தெரியாதா?"

சுவாதி யோசித்தாள். "சுரேந்தருக்குச் சொன்னேன். எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கறவரு. வைகாசியில கல்யாணம். காலைல பத்து மணிக்கு போன்ல பேசினப்ப, ஃபைல பெட்டிக்கு மாத்திட்டேன், நானும் அம்மாவும் கோயிலுக்குப் போறோம்னு எல்லாம் சொன்னேன். ஆனா அவரு செதம்பரத்துல இருக்காரு."

"ஃபைல் காணோம்னு அவருக்குச் சொன்னியா?"

"பன்னெண்டரைக்கு அடிச்சேன், எடுக்கல. ஒரு மணிக்கு அவரே கூப்ட்டாரு. டிவில கேம் வெளையாடிக்கிட்டு இருந்தாராம், சத்தத்துல கேக்கலியாம். 'போனா போவுது சுவாதி, வெரிஃபிகேஷன் இன்னொரு தடவ வரும்'னாரு."

"வருமா?"

"வராதுக்கா."

கொளஞ்சி ஏற்கெனவே வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

வண்டிப்பாளையத்து வீட்டு வாசலிலேயே கத்தல் கேட்டது. சுவாதியின் அண்ணன் விஜயகுமார் பைக் மெக்கானிக். கிரீஸ் கறையோடு கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். "எங்க வச்சன்னு சொல்லிடு ஜோதி! மரியாதையா சொல்லிடு!" அவன் மனைவி ஜோதிலட்சுமி ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

சந்திரலேகா யாரையும் எதுவும் கேட்காமல் முன் அறைக்குப் போனாள். டிரங்குப் பெட்டி வாசற்படியிலிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. பிறகு வீட்டைக் கடந்து தோட்டத்துப் பக்கம் போனாள். கொடியில் ஒரே ஒரு புடவை, அரக்கு நிறக் கைத்தறி, கஞ்சி போட்டு விறைப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கஞ்சி வடித்த குண்டான்.

"இது யார் பொடவை?"

"என்னுதுதான்," என்றாள் சுவாதி. "நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போறதுக்கு."

"கஞ்சி போட்டது?"

சுவாதி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜோதிலட்சுமிதான் கூடத்திலிருந்து சொன்னாள். "கோயிலுக்குப் போவும்போது நாந்தான் போட்டு வைக்கிறேன்னேன். அரிசி வடிச்சி, தொவைச்சி, அலசி, கஞ்சி போட்டு... ஒரு மணி நேரம் தோட்டத்துலதான் இருந்தேன். வாசக்கதவு சும்மாதான் சாத்தியிருந்துது. ஆனா யார் நம்புறாங்க?"

"நான் நம்புறேன்," என்றாள் சந்திரலேகா. "நாத்தனார் போகக்கூடாதுன்னு நெனைக்கிறவ, போறதுக்குப் பொடவைய கஞ்சி போட்டு வைக்கமாட்டா."

விஜயகுமார் தன் கையிலிருந்த கிரீஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எதிர்வீட்டுத் தில்லையம்மாள் கேட்காமலே வந்து தகவல் கொடுத்தாள். பதினொன்றே காலோ பதினொன்றரையோ இருக்கும், ஒரு கூரியர்காரன் வந்தான்.

"கூரியர்னு எப்படித் தெரியும்?"

"இந்த வெயில்ல வேற எவன் ஹெல்மெட் போடுவான்? வண்டிய தெருமுனையில நிறுத்திட்டு நடந்து வந்தான். உள்ள போனான், வந்தான், போயிட்டான். நாய்கூட கொலைக்கல."

வேனுக்குத் திரும்பும் வழியில் கொளஞ்சி துடித்தான். "அண்ணி, சர்டிபிகேட் திருடுற கும்பல் ஒண்ணு இருக்குது. கூரியர் வேஷத்துல வர்றானுங்க!"

"அந்தக் கும்பலுக்கு ஃபைல் பீரோவுல இல்ல, பெட்டில இருக்குன்னு யாரு சொன்னா? பொடவகூட கலையல, கொளஞ்சி. நேரா போய் எடுத்திருக்கான்." அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "அம்மா வீட்டப் பாத்துக்கட்டும், மத்தவங்கல்லாம் ஏறுங்க. செதம்பரம் போறோம். ஜோதி, நீங்களும் வரணும்."

"நா எதுக்குக்கா?"

"பழி உங்க மேலதானே விழுந்துது? அது எங்க எறங்குதுன்னு நீங்க பாக்க வேணாமா?"

சுவாதி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவரு வீட்டுக்கா? எதுக்கு? நாப்பது கிலோமீட்டர்க்கா. பத்து மணிலேருந்து ஒரு மணி வரைக்கும் அவரு டிவி முன்னாடி இருந்தாரு. அவுங்கம்மாவே சொல்வாங்க."

"அவுங்க சொல்றதக் கேக்கத்தான் போறோம்."

குடிகாட்டைத் தாண்டும்போது ரசாயன ஆலை நெடிக்காக எல்லாரும் கண்ணாடியை ஏற்றினார்கள். ஆலப்பாக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சுவாதி மணி பார்த்தாள். புதுச்சத்திரத்தில் மறுபடி பார்த்தாள். பி.முட்லூர் வருவதற்குள் பார்ப்பதை விட்டுவிட்டு, துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஜோதிலட்சுமி ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

சுரேந்தரின் வீடு சிதம்பரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்ததும் அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே சிரித்தான். கருப்பு நிற டிராக் பேண்ட் போட்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே கடுகளவு வெள்ளை உருண்டைகள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"வாங்க மச்சான், வா சுவாதி! சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே. ஃபைல் கெடச்சிதா?"

அவன் அம்மா ஞானாம்பாள் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். சம்பந்தி வீட்டார் என்றதும் முகம் மலர்ந்து, முதல் வேலையாகக் கூடத்துச் சுவரைக் காட்டினாள். அங்கே முப்பத்திரண்டு அங்குல எல்.சி.டி. டிவி மாட்டியிருந்தது. மூலையில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"வியாழக்கெழமதான் வந்துது. அரசாங்கத்துல குடுத்த டிவிய உள்ரூம்ல மூடி வச்சிட்டேன். கல்யாண வீட்ல அத வச்சா நல்லாவா இருக்கும்?" பீரோவுக்கு மேலே புது டிவியின் அட்டைப் பெட்டி நின்றது. "அந்தப் பெட்டியக்கூட யாரையும் தொட வுடல. ஒரு வருசம் வாரண்டி இருக்குதில்ல."

"நல்ல டிவி," என்றாள் சந்திரலேகா. கீழே பாயில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் அடங்கிய மலிவு விலை டிவி கேமும், அதோடு வயரில் கோத்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கியும் கிடந்தன. "இதுலதான் காலைல வெளையாடினீங்களா தம்பி?"

"ஆமாக்கா. ஞாயித்துக்கெழம வேற என்ன வேல?"

"என்ன வெளையாட்டு?"

"வாத்து சுடுறதுதான். அதுலதான் எனக்குப் பைத்தியம்."

"நானும் இதையெல்லாம் ரிப்பேர் பண்றவதான். மூணாவது ரவுண்டு தாண்டினதில்ல."

சுரேந்தர் சிரித்தான். "நா இன்னிக்கு ஏழாவது ரவுண்டு வரைக்கும் போயிட்டேன்க்கா."

"இந்த டிவியிலயா?"

"பின்ன? புது டிவியில சும்மா சினிமா மாதிரி இருக்குது."

ஞானாம்பாள் முகத்தைச் சுளித்தாள். "பத்து மணிக்கு ஆரம்பிச்சிது டப்பு டப்புன்னு, ஒரு மணிக்குத்தான் நின்னுது. சமையல் புகை புது டிவிக்கு ஆவாதுன்னு நடுக்கதவ வேற சாத்திக்கிட்டான். மோர் வேணுமாடான்னு ரெண்டு தடவ கத்தினேன். ம்ஹூம். பதிலே இல்ல. ஒரு நிமிசம் வுடணுமே! எனக்குத் தலவலியே வந்துடுச்சி."

"கேட்டீங்களா?" என்றாள் சுவாதி, நிம்மதியோடு.

"கேட்டேன்." சந்திரலேகா பாயில் உட்கார்ந்து விளையாட்டை இயக்கினாள். புது டிவியில் நீல வானமும் புல்லும் வந்தன. துப்பாக்கியை எடுத்துச் சுரேந்தரிடம் நீட்டினாள். "ஏழாவது ரவுண்டெல்லாம் வேணாம் தம்பி. ஒரே ஒரு வாத்து சுட்டுக் காட்டுங்க."

"இப்பவா? சுவாதி இவ்ளோ கவலையில இருக்கும்போது..."

"ஒரே ஒரு வாத்து."

அவன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். புல்லிலிருந்து ஒரு வாத்து கிளம்பியது. சுட்டான். வாத்து பறந்து போய்விட்டது. அடுத்ததைச் சுட்டான். போய்விட்டது. இரண்டடி முன்னால் நகர்ந்தான். திரையில் துப்பாக்கி முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய் மூன்று தடவை அழுத்தினான். மூன்று வாத்தும் அவசரமே இல்லாமல் மேலே பறந்து மறைந்தன. பிளாஸ்டிக் விசை க்ளிக் க்ளிக் என்று சத்தமிட்டது.

"துப்பாக்கி ரிப்பேராயிடுச்சி போல," என்றான்.

"இருக்கலாம். கொளஞ்சி, உள்ரூம்ல இருக்கற பழைய டிவிய தூக்கிட்டு வா."

கொளஞ்சி மூச்சு வாங்கத் தூக்கி வந்து தரையில் வைத்தான். "புதுசு செவுத்துல தொங்குது, இது என் இடுப்ப ஒடைக்குது." சந்திரலேகா வயரை மாற்றிச் செருகினாள். பதினாலு அங்குலத் திரையில் அதே வானம், அதே புல். துப்பாக்கியை இந்த முறை சுவாதியிடம் கொடுத்தாள்.

"எனக்கு இதெல்லாம் வராதுக்கா."

"குறி வச்சி அமுக்கு."

சுவாதி அழுத்தினாள். முதல் வாத்து தலைகீழாக விழுந்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. சுரேந்தரைப் பார்த்தாள்.

"எப்படி அண்ணி?" என்று கேட்டான் கொளஞ்சி. அவனால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"எல்லாரும் துப்பாக்கிலேருந்து டிவிக்கு ஏதோ போகுதுன்னு நெனைக்கிறாங்க. ஒண்ணும் போகல. துப்பாக்கி மூக்குல ஒரு கண்ணு இருக்கு. விசைய அமுக்கின உடனே திரை ஒரு நொடிகூட இல்ல, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள கருப்பாயி, வாத்து இருக்கற எடத்துல மட்டும் வெள்ளக் கட்டம் வரும். துப்பாக்கி அந்த வெள்ளையப் பாத்துதுன்னா வாத்து விழும். பிக்சர் டியூப் டிவி அத அந்தக் கணமே காட்டிடும். இந்த மாதிரி தட்டை டிவி வர்ற படத்த உள்ள வாங்கி, சரி பண்ணித்தான் காட்டும். ஒரு இமைப்பொழுது லேட். அதுக்குள்ள துப்பாக்கி பாத்து முடிச்சிடும். நீ வாத்து மூக்கு மேலயே வச்சி சுட்டாலும் விழாது. இந்த டிவியில ஏழாவது ரவுண்டு வேணாம், ஒரு வாத்துகூட யாராலயும் சுட முடியாது."

"ஆனா சத்தம் கேட்டுதே!" என்றாள் ஞானாம்பாள். "நாந்தான் கேட்டேனே!"

"கேட்டிருப்பீங்கம்மா. இந்த வெளையாட்ட போட்டுட்டு யாரும் தொடாம விட்டா, அதுவே சுட்டுக் காட்டிக்கிட்டே இருக்கும். வெளையாடுறவன் நடுவுல மோர் குடிப்பான், திட்டுவான், தோப்பான், முதல்லேருந்து ஆரம்பிப்பான். மூணு மணி நேரம் ஒரு நிமிஷம் விடாம ஓடுனா அது ஆள் இல்லாத வெளையாட்டு."

அவள் சுரேந்தர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "வியாழக்கெழம வரைக்கும் நீங்க பழைய டிவியில சுட்டிருக்கீங்க. வாத்து விழுந்திருக்கு. அதனால புதுசுலயும் விழும்னு நெனச்சிட்டீங்க. காலைல போட்டுவிட்டு உடனே கெளம்பிட்டீங்க தம்பி. கெளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ விசைய அமுக்கியிருந்தா, என்கிட்ட வேற வெளையாட்டு பேர சொல்லியிருப்பீங்க."

"வெளையாடலன்னா திருடனா?" அவன் குரல் பிசிறியது. "நா தூங்கிட்டிருந்திருக்கலாம்!"

"இருக்கலாம். ஆனா ஃபைல் பெட்டில இருக்குன்னு தெரிஞ்சவங்க சுவாதிய விட்டா ரெண்டே பேரு. ஒருத்தர் அவ பொடவைக்குக் கஞ்சி போட்டுக்கிட்டு இருந்தாங்க. இன்னொருத்தர் நீங்க. வண்டிப்பாளையத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச மாப்ள முகம், அதனால ஹெல்மெட். வண்டி தெருமுனையில. நாய்க்கும் உங்கள தெரியும், கொலைக்கல. பன்னெண்டரைக்கு சுவாதி அடிச்சப்ப நீங்க பைக்ல வந்துக்கிட்டு இருந்தீங்க." அவள் அவன் முழங்காலைக் காட்டினாள். "அது தெர்மோகோல். டிவி வந்து மூணு நாளாச்சி. அம்மா யாரையும் பெட்டியத் தொட விடல. இன்னிக்கு யார் தொறந்தது?"

கொளஞ்சி அதற்குள் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

"பாத்து, பாத்து! வாரண்டி!" என்று ஞானாம்பாள் பழக்கத்தில் கத்தினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு தெர்மோகோல் துண்டுகளுக்கு நடுவே நீல ஃபைல் பத்திரமாக இருந்தது.

சுவாதி அதைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, பி.எட்., சாதி, எம்ப்ளாய்மெண்ட். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். எல்லாம் இருந்தன.

விஜயகுமார் கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தான். ஜோதிலட்சுமி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "சும்மா இருங்க. மத்தியானத்துலேருந்து நீங்க கத்துனது போதும்." அவன் கையை இறக்கினான். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல், "தப்புதான் ஜோதி," என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அத வீட்டுக்குப் போயி, அத்தை முன்னாடி, சத்தமா சொல்லுங்க. திட்டுனது தெருவுக்கே கேட்டுது."

சுரேந்தர் சுவாதிக்கு எதிரே மண்டியிட்டான். "கிழிக்கணும்னு நெனைக்கல சுவாதி. சத்தியமா. நாளைக்குச் சாயங்காலம் நானே எங்கயோ கெடச்சிதுன்னு கொண்டாந்து குடுத்திருப்பேன். உனக்கு கிருஷ்ணகிரி, தருமபுரின்னு போஸ்டிங் போட்டா நா இங்க என்ன பண்ணுவேன்? கல்யாணம் பண்ணி தனித்தனியா இருக்கவா? உன்ன விட்டுட்டு இருக்க முடியாதுன்னுதான்..."

அவன் சொல்வது பொய்யில்லை என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. ஞானாம்பாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்திரலேகா எழுந்து வாசல் பக்கம் போய் நின்றாள். இனிமேல் பேச வேண்டியது அவள் இல்லை.

சுவாதி ஃபைலின் நாடாவைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழ இரண்டு தடவை கட்ட வேண்டியிருந்தது.

"எங்க அண்ணி வீட்ட விட்டே கெளம்பியிருப்பாங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

அவன் ஜோதிலட்சுமி பக்கம் திரும்பினான்.

"போன்ல நான் அவுங்களத்தான் சந்தேகப்படுறேன்னு சொன்னப்ப, நீங்க 'ம்'னு கேட்டுக்கிட்டீங்க."

"பயந்துட்டேன் சுவாதி. வேலைக்குப் போவாதன்னு நேரா கேட்டா, நீ போவேன்னுதான் சொல்லியிருப்ப. அதனாலதான் கேக்கல."

சுவாதி எழுந்தாள். ஜோதிலட்சுமியின் அருகில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோதிலட்சுமி கையை இழுத்துக்கொள்ளவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. இருவரும் படி இறங்கினார்கள். கொளஞ்சி வேனைக் கிளப்பினான். சுரேந்தர் வாசல்வரை பின்னாலேயே வந்தான்.

"நிச்சயம் என்னாவறது சுவாதி? எதனா சொல்லிட்டுப் போ."

"நாளைக்கு எனக்கு வேல இருக்குது," என்றாள் அவள். வேனில் ஏறி அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கதவைப் பாதி மூடியவள், என்ன நினைத்தாளோ, மறுபடி திறந்தாள்.

"நீங்க கேட்டிருந்தா நா என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்குத் தெரியாது சுரேந்தர். இனிமே எனக்கும் தெரியாது."